தேனும் மருந்தும்: லுக்ரீஷியஸின் காவியமும் அதன் வழித்தடமும்

ஒரு நூல் எவருக்காக எழுதப்பட்டதோ அவர் அதனைப் பொருட்படுத்தாது போவதும், எவருடைய நம்பிக்கைக்கு அது முற்றிலும் மாறானதோ அவர்தம் கைகளினாலேயே அது காக்கப்படுவதும் இலக்கிய வரலாற்றில் அரிதாக நிகழ்வன. இவ்விரண்டும் ஒருசேர நிகழ்ந்த நூல், உரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் இலத்தீன் மொழியில் யாத்த 'தே ரேரும் நாத்தூரா' என்னும் காவியமாகும். 'பொருள்களின் இயல்பு பற்றி' என்பது இத்தலைப்பின் பொருள். ஆறு பகுதிகளும் ஏறத்தாழ 7,400 அடிகளும் கொண்ட இந்நூலில் காவியத் தலைவன் இல்லை, போர் இல்லை, கடற்பயணம் இல்லை. அணுவும் வெறுவெளியுமே இதன் பாத்திரங்கள். மனித உள்ளத்தை ஆட்டிப் படைக்கும் அச்சமே இதன் பகைவன்.

காலமும் கவிஞரும்

டைட்டஸ் லுக்ரீஷியஸ் காரஸ் கி.மு. 99ஆம் ஆண்டு வாக்கில் பிறந்து, கி.மு. 55ஆம் ஆண்டு வாக்கில் மறைந்தவர் எனக் கருதப்படுகின்றார். அவர்தம் குடிப்பிறப்பு, தொழில், இல்லறம் ஆகியவை பற்றிய உறுதியான செய்தி ஒன்றேனும் எஞ்சவில்லை. ஆனால் அவர் வாழ்ந்த காலம் நன்கு அறியப்பட்டதே. கி.மு. 88இல் சுல்லா என்னும் தளபதி உரோமானியப் படையை நடத்திக்கொண்டு உரோம் நகருக்குள்ளேயே புகுந்தார். பின்னர் அவர் கொல்லப்பட வேண்டியோரின் பெயர்ப் பட்டியல்களைப் பொதுவிடத்தில் வெளியிட்டார். கி.மு. 73 முதல் 71 வரை ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் ஆறாயிரம் பேர் ஆப்பியன் பெருவழி நெடுகிலும் சிலுவையில் அறையப்பட்டனர். பதவி வேட்கையும் குருதிப் பெருக்கும் கண்ட இத்தகைய காலத்தில்தான் மன அமைதியைப் பொருளாகக் கொண்ட ஒரு காவியம் எழுந்தது என்பது கருதத்தக்கது.

கவிஞரைப் பற்றிய கதை ஒன்று மட்டும் நெடுங்காலம் உலவி வந்தது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறித்துவ அறிஞர் ஜெரோம், லுக்ரீஷியஸ் காதல் மருந்தொன்றை உண்டு பித்தரானார் என்றும், பித்துத் தெளிந்த இடைவேளைகளில் இந்நூலை எழுதினார் என்றும், தம் 44ஆம் வயதில் தற்கொலை செய்துகொண்டார் என்றும், நூலைச் சிசரோ செப்பம் செய்தார் என்றும் குறித்து வைத்தார். நானூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட இக்குறிப்பைப் பெரும்பாலான ஆய்வாளர் ஏற்பதில்லை. நான்காம் பகுதியின் இறுதியில் காமத்தின் மயக்கங்களைக் கவிஞர் எள்ளி நகையாடியதைக் கொண்டு பிற்காலத்தார் புனைந்த கதையாக இஃது இருத்தல் கூடும். ஒரு கொள்கையை மறுக்க இயலாதபோது அதைச் சொன்னவனைப் பித்தன் என்பது எளிய வழியன்றோ!

கவிஞர் காலத்துச் சான்று ஒன்றே ஒன்று உண்டு. கி.மு. 54ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிசரோ தம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், லுக்ரீஷியஸின் கவிதைகளில் மேதைமையின் ஒளிக்கீற்றுகளும் கலைத்திறனும் விளங்குவதாகப் பாராட்டியுள்ளார்.

தோட்டத்து ஆசான்

லுக்ரீஷியஸ் தமக்கென ஒரு தத்துவத்தை வகுத்தவர் அல்லர். கிரேக்க ஞானி எபிகூரஸ் (கி.மு. 341–270) கண்ட நெறியைப் பாட்டாக்கியவர் அவர். ஏதென்ஸ் நகரில் எபிகூரஸ் நிறுவிய கல்விக்கூடம் 'தோட்டம்' என்றே வழங்கிற்று. பெண்டிரும் அடிமைகளும் அங்கே இடம்பெற்றனர். இன்பமே வாழ்வின் குறிக்கோள் என்று அவர் கூறியதைப் பகைவர்கள் திரித்து, அவரைச் சுவை வெறியர் எனத் தூற்றினர். அவர் குறித்த இன்பமோ உடலில் நோவின்மையும் உள்ளத்தில் கலக்கமின்மையுமே ஆகும். அதற்கு அப்பமும் நீரும் நட்பும் போதுமென்பது அவர் கொள்கை.

கலக்கத்தின் வேர்கள் இரண்டு எனக் கண்டார் எபிகூரஸ். ஒன்று, தெய்வங்கள் சினந்து தண்டிப்பர் என்னும் அச்சம். மற்றொன்று, இறப்புக்குப்பின் நேரும் துன்பம் பற்றிய அச்சம். உலகம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால் இவ்விரு வேர்களும் அறும் என்றார். ஆகவே லியூசிப்பஸ், டெமாக்ரிட்டஸ் ஆகியோர் கூறிய அணுக் கொள்கையைத் தம் அறநெறிக்கு அடித்தளமாகக் கொண்டார். தெய்வங்கள் இல்லையென அவர் சொல்லவில்லை. உலகங்களுக்கு இடைப்பட்ட வெளிகளில் அவை மனிதர்தம் செயலில் தலையிடாது அமைதியுற்று வாழ்வதாகக் கூறினார்.

நூல் நுவலும் பொருள்

முதற் பகுதி வீனஸ் தேவியை வாழ்த்தித் தொடங்குகிறது. தெய்வங்கள் உலகைக் கருதார் என்று கூறவிருக்கும் நூல் தெய்வ வாழ்த்துடன் தொடங்குவது முரணாகத் தோன்றும். ஆயினும் வீனஸ் அங்கே இயற்கையின் ஆக்க ஆற்றலுக்குக் குறியீடாக நிற்கின்றாள் என்பர் ஆய்வாளர். தொடர்ந்து, இன்மையிலிருந்து எதுவும் தோன்றாது, உள்ளது எதுவும் இன்மையாய் மறையாது என்னும் அடிப்படை நிறுவப்படுகின்றது.

கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் உண்டென்பதற்குக் கவிஞர் காட்டும் சான்றுகள் அன்றாட வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை. கடற்கரையில் தொங்கவிட்ட துணி ஈரமாகிறது, வெயிலில் உலர்கிறது. ஈரம் வந்ததையும் போனதையும் எவரும் கண்டதில்லை. விரலில் அணிந்த மோதிரம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்கிறது. நகர வாயிலில் நிற்கும் வெண்கலச் சிலைகளின் கைகள், வழிப்போக்கர் வணங்கித் தொடுவதால் தேய்ந்து மெலிகின்றன. பக்தியின் கை பட்டுத் தேயும் சிலையையே அணுவுக்குச் சான்றாக்கியதில் கவிஞரின் நுட்பம் புலனாகும்.

இரண்டாம் பகுதி அணுக்களின் இயக்கத்தைக் கூறுகிறது. இருண்ட அறைக்குள் நுழையும் கதிரொளியில் தூசுகள் மோதிச் சுழல்வதைப் போல அணுக்கள் ஓயாது இயங்குகின்றன. வெறுவெளியில் கனமானவையும் கனமற்றவையும் ஒரே விரைவில் வீழ்கின்றன. வீழும் அணு எதிர்பாராத ஓரிடத்தில் மிகச் சிறிதளவு விலகுகிறது. அவ்விலக்கத்தாலேயே அணுக்கள் ஒன்றையொன்று மோதி உலகங்கள் உருவாகின்றன. உயிர்களின் தன்விருப்பத்திற்கு இடமளிப்பதும் இவ்விலக்கமே. 'கிளினாமென்' எனக் கவிஞர் பெயரிட்ட இக்கருத்தைப் பழங்காலத்திலேயே பலர் எள்ளினர்.

மூன்றாம் பகுதி நூலின் இதயம் எனத்தகும். உயிரும் அணுக்களால் ஆனதே. உடலோடு வளர்ந்து, உடலோடு தளர்ந்து, உடலோடு கலைகிறது என்பதற்கு அடுக்கடுக்காய்ச் சான்றுகள் கூறப்படுகின்றன. பிறப்பதற்கு முன் கழிந்த எல்லையற்ற காலம் எவ்வாறு ஒருவனைத் துன்புறுத்தவில்லையோ, இறந்தபின் வரும் காலமும் அவ்வாறே துன்புறுத்தாது என்பது இதன் முடிபு. நரகத்தில் உள்ளதாகக் கூறப்படும் தண்டனைகள் யாவும் மனிதர் இவ்வுலகிலேயே தம் பேராசையாலும் அச்சத்தாலும் தமக்குத்தாமே விதித்துக்கொள்பவை எனவும் கவிஞர் விளக்குகிறார்.

நான்காம் பகுதி புலனறிவு, கனவு, காமம் ஆகியவற்றையும், ஐந்தாம் பகுதி உலகின் தோற்றத்தையும் மனித சமுதாயத்தின் வளர்ச்சியையும் ஆராய்கின்றன. மண் தொடக்கத்தில் பலவகை உயிர்களைத் தோற்றுவித்தது. உணவு தேடவோ இனம் பெருக்கவோ இயலாதவை அழிந்தன என்கிறார். மொழி ஒருவரால் ஆக்கப்பட்டு வழங்கப்பட்டதன்று; தேவையினால் இயல்பாக எழுந்தது என்கிறார். ஆறாம் பகுதி இடி, மின்னல், நிலநடுக்கம், எட்னா எரிமலை, நைல் வெள்ளம், காந்தக்கல் முதலியவற்றிற்கு இயற்கைக் காரணம் கூறி, கி.மு. 430இல் ஏதென்ஸைச் சூறையாடிய கொள்ளைநோய் பற்றிய கொடுஞ்சித்திரத்துடன் முடிகிறது.

இன்றைய அறிவியலின் முன்னறிவிப்பாக நூல் முழுவதையும் கொள்வது தவறாகும். கதிரவன் கண்ணுக்குத் தோன்றும் அளவினனே எனக் கவிஞர் நம்பினார். பூமியின் மறுபுறத்தில் மாந்தர் வாழ்தல் கூடும் என்பதை நகையாடினார். ஓர் உயிரினம் பிறிதோர் உயிரினமாக மாறும் என்னும் கருத்தும் அவரிடம் இல்லை. ஆய்வுக்கூடம் கண்டறியாத காலத்தவர் அவர். விளங்காத நிகழ்ச்சிக்கும் இயற்கையிலேயே காரணம் தேட வேண்டும் என்னும் விடாப்பிடியே அவர் விட்டுச் சென்ற செல்வமாகும்.

அச்சமும் அருளும்

அறிவு வாதத்தை மட்டும் அடுக்கியிருந்தால் இந்நூல் காவியமாகியிராது. தொடக்கத்திலேயே இஃபிஜினியாவின் கதை வருகிறது. கப்பல்கள் செல்லக் காற்று வேண்டி, அகமெம்னன் தன் மகளையே பலிகொடுக்க இசைகின்றான். மணப்பந்தலுக்குச் செல்ல வேண்டிய வயதில் அச்சிறுமி பலிபீடத்திற்குத் தூக்கிச் செல்லப்படுகிறாள். சமய நம்பிக்கை எத்தகைய கொடுமைக்கும் மனிதனை இட்டுச்செல்ல வல்லது என்பதைக் காட்டக் கவிஞர் தேர்ந்த காட்சி இது.

இரண்டாம் பகுதியில் இதற்கு இணையான மற்றொரு காட்சி உள்ளது. கோயிலில் கன்று பலியிடப்படுகிறது. அதன் தாய் காடெங்கும் குளம்படிச் சுவடுகளைத் தேடி அலைகிறது, கதறுகிறது, தொழுவத்திற்குத் திரும்பித் திரும்பி வருகிறது. பசும்புல்லும் ஆற்றுநீரும் அதற்குச் சுவைக்கவில்லை. பிற கன்றுகளைக் கண்டும் அதன் துயர் ஆறவில்லை. அணுக்கள் பல வடிவின என்னும் கருத்தை விளக்கவே கவிஞர் இதனை எடுத்துரைக்கின்றார். ஓரினத்துள்ளும் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை, ஆதலால் தாய் தன் கன்றை அறிகிறது என்பதே அவர் வாதம். ஆனால் வாதத்தை மறந்தவரும் பசுவை மறப்பதில்லை.

மொழியை விரித்த பாவலர்

தாய்மொழியின் சொல்வறுமை குறித்து லுக்ரீஷியஸ் நூலினுள்ளேயே வருந்துகின்றார். கிரேக்கர்கள் பல தலைமுறையாகச் சிந்தித்த பொருள்களுக்கு இலத்தீனில் சொற்கள் இல்லை. கிரேக்கச் சொல்லை அப்படியே எடுத்தாளும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. ஆயினும் 'ஆட்டமோஸ்' என்னும் சொல்லை அவர் ஓரிடத்தும் ஆளவில்லை. 'பொருள்களின் விதைகள்', 'முதற் தொடக்கங்கள்', 'பிறப்பிக்கும் உடல்கள்' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களையே இடத்துக்கேற்ப வழங்கினார். உழவரும் அறிந்த 'விதை' என்னும் சொல் ஒரு தத்துவத்தின் கலைச்சொல்லாயிற்று.

அவர் கண்ட உவமைகளுள் தலையாயது எழுத்து பற்றியது. சில எழுத்துகளே இடம் மாறி அமைந்து எண்ணற்ற சொற்களை உண்டாக்குவது போல, சில வகை அணுக்களே இடம் மாறி அமைந்து எண்ணற்ற பொருள்களை உண்டாக்குகின்றன என்றார். இலத்தீனில் விறகைக் குறிக்கும் சொல்லும் நெருப்பைக் குறிக்கும் சொல்லும் பெரும்பாலும் ஒரே எழுத்துகளைக் கொண்டவை. விறகினுள் நெருப்பு மறைந்திருக்கவில்லை. அணுக்களின் அடுக்கு மாறும்போது விறகு நெருப்பாகிறது என்று அதனைக்கொண்டே விளக்கினார். கவிஞருக்கு மொழியே உலகத்தின் மாதிரி ஆயிற்று.

கடினமான தத்துவத்தைப் பாட்டில் ஏன் கூற வேண்டும்? சிறுவர்க்குக் கசப்பு மருந்து புகட்டும் மருத்துவர் கிண்ணத்தின் விளிம்பில் தேன் தடவுவதை அவர் காரணமாகக் காட்டுகிறார். பாட்டு தேன், தத்துவம் மருந்து. இவ்வுவமை தம் நூலின் பிற்கால வரலாற்றையே குறித்துவிடும் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

கேளாத செவி

மருந்து யாருக்கு? கயஸ் மெம்மியஸ் என்னும் பிரபுவை நோக்கியே காவியம் பேசுகின்றது. கி.மு. 58இல் நீதிப் பதவி வகித்த அரசியலாளர் அவர். கவிஞர் கட்டல்லஸ் அவருடன் பித்தினியா மாநிலத்திற்குச் சென்றவர். பதவி வேட்கை மன அமைதியைக் குலைக்கும் என்பது எபிகூரஸ் நெறியின் பாலபாடம். மெம்மியஸோ தலைமைப் பதவிக்குப் போட்டியிட்டு, தேர்தல் ஊழலில் சிக்கித் தண்டனை பெற்று, ஏதென்ஸில் தஞ்சம் புகுந்தார்.

அங்கே நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. எபிகூரஸ் வாழ்ந்த இல்லத்தின் இடிபாடுகள் கிடந்த நிலம் மெம்மியஸின் கைக்கு வந்தது. அதில் கட்டடம் எழுப்ப அவர் எண்ணினார். அவ்விடத்தைத் தம் பள்ளிக்கு விட்டுத்தர வேண்டுமென எபிகூரஸ் நெறியினரின் தலைவர் பாட்ரோ மன்றாடினார். கி.மு. 51இல் சிசரோ இதுபற்றி மெம்மியஸுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். அக்கடிதம் இன்றும் உள்ளது. கட்டட எண்ணத்தை அதற்குள் கைவிட்டிருந்தும், நிலத்தை விட்டுக்கொடுக்க மெம்மியஸ் மனமிசையவில்லை என்பது அதனால் தெரிகிறது. எந்த ஆசானின் பெருமையை ஆறு பகுதிகளில் கவிஞர் அவருக்குப் பாடினாரோ, அந்த ஆசானின் வீட்டு மண்ணே அவருக்கு ஒரு சொத்துத் தகராறாயிற்று.

மடத்து மையும் நகரத்து அச்சும்

மெம்மியஸ் கேளாததைக் கவிஞர்கள் கேட்டனர். வர்ஜில் தம் 'ஜியார்ஜிக்ஸ்' நூலில், பெயர் சுட்டாமலே, பொருள்களின் காரணங்களை அறிந்து அச்சத்தை வென்றவரைப் போற்றினார். உலகம் அழியும் நாளில்தான் லுக்ரீஷியஸின் பாடல்கள் அழியும் என்றார் ஓவிட். கிறித்துவம் பரவிய பின்னர் இக்கொள்கைக்குச் செல்வாக்குக் குன்றியது. ஆயினும் லாக்டான்ஷியஸ் போன்ற கிறித்துவ எழுத்தாளர்கள் மறுப்பதற்காகவேனும் அதனைப் படித்தனர்.

ஒன்பதாம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்ட இரு முழுமையான தோற்சுவடிகள் இன்று நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்றைத் திருத்திய கை, அயர்லாந்துத் துறவி துங்கல் என்பாருடையது என ஆய்வாளர் கண்டுள்ளனர். உயிர் அழியாதது என நம்பிய துறவி ஒருவர், உயிர் அழியும் என்னும் பாடலில் விடுபட்ட அடிகளைப் பொறுமையாக எழுதிச் சேர்த்திருக்கின்றார். அம்மடங்களில் செம்மையான இலத்தீன் மொழிக்கு இருந்த மதிப்பே இதற்குக் காரணமாதல் வேண்டும்.

அதன்பின் ஐந்து நூற்றாண்டுகள் நூல் பெரும்பாலும் உறங்கிற்று. 1415இல் கான்ஸ்டன்ஸ் திருச்சபைப் பேரவை, 23ஆம் ஜான் என்னும் பெயரில் போப்பாக விளங்கியவரைப் பதவி நீக்கியது. அவர்தம் செயலராயிருந்த போஜ்ஜோ பிராச்சியோலினி வேலையிழந்தார். பழஞ்சுவடி தேடி மடங்கள்தோறும் அலைந்தார். 1417இல் ஜெர்மானிய மடமொன்றில் லுக்ரீஷியஸின் சுவடியைக் கண்டு, படியெடுக்கச் செய்து, ஃபிளாரன்ஸில் இருந்த நண்பர் நிக்கோலோ நிக்கோலிக்கு அனுப்பினார். நிக்கோலி அதனைத் தம் அழகிய கையெழுத்தில் படியெடுத்துக்கொண்டு, பத்தாண்டுகளுக்கும் மேலாகத் திருப்பித் தரவில்லை. போஜ்ஜோ கடிதம் மேல் கடிதம் எழுதிக் கெஞ்ச நேர்ந்தது. மடத்துச் சுவடியும், போஜ்ஜோவுக்குக் கிடைத்த படியும் மறைந்துவிட்டன. நிக்கோலியின் படி மட்டும் ஃபிளாரன்ஸில் நிலைத்துள்ளது.

1473ஆம் ஆண்டளவில் பிரேசியா நகரில் நூல் அச்சேறியது. இளம் மாக்கியவெல்லி தம் கைப்படவே முழு நூலையும் படியெடுத்தார். 1516–17இல் கூடிய ஃபிளாரன்ஸ் திருச்சபை மன்றம் பள்ளிகளில் இந்நூலைக் கற்பிப்பதைத் தடை செய்தது. ஆனால் 1557இல், பின்னாளில் ஐந்தாம் பயஸ் என்னும் போப்பாக வந்த கிஸ்லியேரி, இத்தகைய நூல்களைக் கற்பனைக் கதைகளாகவே மக்கள் படிக்கின்றனர். தடை வேண்டா என்று கருதினார். 1717இல் மார்க்கெட்டியின் இத்தாலிய மொழிபெயர்ப்பு இலண்டனில் அச்சானபோது மறுவாண்டே தடைப் பட்டியலில் சேர்ந்தது. கற்றோர் மட்டும் படிக்கும் இலத்தீனில் இருந்தவரை பொறுக்கப்பட்ட கருத்து, மக்கள் மொழிக்கு வந்ததும் அச்சம் விளைத்தது.

ஆங்கிலத்தில் இதனை முதன்முதலில் முழுமையாகப் பெயர்த்தவர்களுள் ஒருவர் லூசி ஹட்சின்சன் என்னும் பெண்மணி. ஆழ்ந்த சமயப்பற்றுடைய பியூரிட்டன் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். 1650களில், பிள்ளைகள் பாடம் பயிலும் அறையில் அமர்ந்து, கையிலிருந்த தையல் துணியின் நூலிழைகளைக் கொண்டு அசைகளை எண்ணி எண்ணி மொழிபெயர்த்ததாக அவரே குறித்துள்ளார். 1675இல் அதனை ஆங்கிள்சி பிரபுவுக்கு அளித்தபோது, நூலின் கொள்கையைக் கடுமையாகச் சாடி முன்னுரை எழுதினார். ஆயினும் படியை அழித்துவிடவில்லை. அது 1996இல்தான் அச்சேறியது.

அறிவியலும் ஆராய்ச்சியும்

பிரான்ஸில் பாதிரியார் கசெந்தி 17ஆம் நூற்றாண்டில் அணுக்களை இறைவன் படைத்தான் எனக் கொண்டு இக்கொள்கையைச் சமயத்தோடு இணைத்தார். அவ்வழியே அணுக்கருத்து புதிய அறிவியலுள் புகுந்தது. கார்ல் மார்க்ஸ் 1841இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, டெமாக்ரிட்டஸ், எபிகூரஸ் ஆகியோரின் இயற்கைத் தத்துவ வேறுபாடு பற்றியது. அணுவின் விலகலை உண்மையாக விளங்கிக்கொண்ட பண்டையோர் லுக்ரீஷியஸ் ஒருவரே என்பது அவர் கணிப்பு. 1850இல் ஜெர்மானிய அறிஞர் லாக்மன், எஞ்சிய சுவடிகளின் பிழைகளை ஒப்பிட்டே அவற்றின் மறைந்துபோன மூலச்சுவடி 302 பக்கங்களும் பக்கத்துக்கு 26 வரிகளும் கொண்டதென நிறுவ முற்பட்டார். பதிப்பியல் என்னும் துறைக்கே அது வழிகாட்டியாயிற்று.

கதிரொளியில் ஆடும் தூசுகளின் அசைவு பெரும்பாலும் காற்றோட்டத்தால் விளைவதே. எனினும் புலப்படும் துகளின் ஆட்டத்திற்குப் புலப்படாத துகள்களின் மோதலே காரணம் என்னும் எண்ணம், 1827இல் பிரௌன் நுண்ணோக்கியில் கண்ட அசைவுக்கு 1905இல் ஐன்ஸ்டைன் அளித்த விளக்கத்தில் உறுதி பெற்றது. அதே ஐன்ஸ்டைன் 1924இல் வெளிவந்த லுக்ரீஷியஸின் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு முன்னுரை வழங்கினார்.

நிறைவாக

எபிகூரஸ் தம் கொள்கையை உரைநடையில் 37 தொகுதிகளாக விரிவாக எழுதினார். அவற்றுள் எஞ்சியவை, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையால் புதையுண்ட ஹெர்குலேனியத்தில் கரிந்துபோன சுருள்களின் துண்டுகளே. ஆசானின் விரிவான உரை அழிந்தது. மாணவரின் பாட்டு நிலைத்தது. மருந்தை உட்கொள்ளச் செய்வதற்காகத் தடவிய தேன், மருந்தையே அழியாமல் காத்தது. துறவியர் அதன் மொழிக்காகப் படியெடுத்தனர். பாவலர் அதன் அழகுக்காகப் படித்தனர். மறுத்தவரும் அதனைத் தம் மொழியில் பெயர்த்தனர். அவர்கள் அறிந்தோ அறியாமலோ கொள்கையும் உடன் வந்தது.

காவியத்தின் இறுதிக் காட்சியில், நோயால் மடிந்த தம் உறவினரின் உடல்களைப் பிறர் அடுக்கிய சிதைகளில் வைத்து எரிக்க ஏதென்ஸ் மக்கள் ஒருவரோடொருவர் போராடுகின்றனர். ஆறுதல் மொழி எதுவுமின்றி அங்கேயே நூல் நின்றுவிடுகிறது. முற்றுப்பெறாமல் விடுபட்டதா, அதுவே கவிஞர் கருதிய முடிவா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. எவ்வாறாயினும், மூன்றாம் பகுதியில் இறப்புக்கு அஞ்சாதிருக்கக் கற்றவரையே ஆறாம் பகுதி இந்தச் சிதையின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. கற்றது அங்கே துணைநிற்குமா என்னும் கேள்விக்கு நூல் விடை கூறவில்லை. அதனைப் படிப்பவரே கூற வேண்டியுள்ளது. இருபது நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அக்காவியம் உயிரோடிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.